மறுவருகை நாற்பத்தொன்று

மார்ச் 4: 40,000 வந்தது.
செப்டம்பர் 9: 60,000 வந்தது.
பிப்ரவரி 2: 90,000 வர வேண்டும்.

பழைய சக்கர நாற்காலிகளைச் செப்பனிட்டு மலிவாக விற்பவள் அவள். தெருவில் அவள் பெயர் சக்கரக்காரி. ஊருக்கு உதவும் புதுத்தொழில்களுக்குத் தொடக்க முதல் தரும் அறக்கட்டளை ஒன்று மூன்று தவணைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு படிவம்.

ஆகஸ்ட் படிவத்தில் 'மறுவருகை' என்றொரு கட்டம். நாற்பத்தொன்று என்று எழுதினாள். பட்டறைப் பேச்சில் மறுவருகை என்றால், விற்ற வண்டி பழுதாகி வாசலுக்கு வருவது. முன்சக்கரத்துப் பேரிங் விரிசல் விட்டு, விற்ற இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று அப்படித்தான் வந்தன. தெரிந்தேதான் இரண்டாம் தவணையை அனுப்பினார்கள் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஜனவரியில் கடிதம் வந்தது. இத்தனை வாடிக்கையாளர் விரும்பித் திரும்பி வரும் தொழில் வேறில்லை என்று பாராட்டு. மூன்றாம் தவணையில் இதே வண்டிகளோடு இரண்டாவது கடை திறக்க வேண்டுமாம்.

நாற்பத்தொன்றை அவர்கள் வேறு விதமாகப் படித்திருந்தார்கள். மீதி நூற்றெழுபத்தொன்று அதே பேரிங்கோடு இன்னும் தெருவில் ஓடுகின்றன. மருத்துவமனைச் சரிவில் யாராவது இறங்கும்போது சக்கரம் சிக்கினால்?

வெல்டிங் பார்க்கும் தம்பி சிரித்தான். "சும்மா கிடக்கிற சங்க ஏன்க்கா ஊதுற? அவங்களா கேட்டாங்க?"

"விழுறவங்க கேப்பாங்கடா."

"பணம் நின்னுபோச்சுன்னா பேரிங்க எதுல மாத்துவ? என் வாயிலயா?"

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எழுதினாள்: நான் எழுதிய நாற்பத்தொன்று பாராட்டு அல்ல, புகார். மீதியை மாற்ற வண்டிக்கு 200 வீதம் 34,200 ஆகும். தபாலில் போட்ட கையோடு, வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, சரிவில் இறங்க வேண்டாம் என்றாள். பதினேழு பேர் எடுக்கவே இல்லை. அந்தப் பதினேழு எண்களைச் சுவரில் ஒட்டினாள். வாசலில் சக்கரம் கிறீச்சிட்டால் எழுந்து ஓடிப் பார்த்தாள். பிப்ரவரி 2 வந்தது, பணம் வரவில்லை.

பதினேழு எண்களில் மூன்று மிச்சமிருந்தபோது தபால்காரர் உறையை நீட்டினார். அவள் பிரிக்கவில்லை, தம்பிதான் பிரித்துப் படித்தான். இரண்டாவது கடை இல்லை. மூன்றாம் தவணை ரத்து. பேரிங்குக்கு மட்டும் 34,200. அதன்பின் எதுவும் கிடையாது. அடியில் ஒரு வரி: படிவத்தில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

கடிதம் வந்தது மார்ச் 11.