இருபது நிமிட ஃபான்

ஊரைவிட்டு வந்து மோர்டனில் நாங்கள் இருந்த வாடகை மாடி வீட்டில் குளியலறைக்கு யன்னல் இல்லை. சுவரில் ஒரு ஃபான் மட்டும். லொறிபோல உறுமும், ஆனால் ஈரத்தை இழுத்து வெளியே தள்ளும். வீட்டுச் சூட்டையும் சேர்த்துத் தள்ளுகிறது என்று அப்பா அதன் வாயை வெற்று அரிசிப் பையால் மூடி டேப் ஒட்டினார். முட்டாள் வேலை. ஒரே குளிர்காலத்தில் கூரை பூஞ்சணம் பிடித்துக் கறுத்தது, தம்பிக்கு இழுப்பு வந்தது.

டாக்டர் ஏசிய பிறகுதான் பையைக் கிழித்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: குளித்தால் கதவைச் சாத்து, ஃபான் இருபது நிமிடம் ஓடட்டும், பிறகு நிறுத்து. ஈரம் போகும், சூடு தங்கும். சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தது. எட்டு வயதான நான்தான் காவல்காரி.

அது 2009. அம்மாவின் தம்பி வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். மாசிக்குப் பிறகு போன் இல்லை. அம்மா கண் கலங்கினாலே அப்பா, "பிள்ளையளுக்கு முன்னால அழாதையும்" என்று அதட்டுவார்.

ஒரு பின்னேரம் அம்மா குளிக்கப் போனார். இருபது நிமிடம் போயிற்று. நாற்பதும் போயிற்று. ஃபான் உறுமிக்கொண்டே இருந்தது. ஹோலில் தம்பி போர்வைக்குள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நேரம் முடிஞ்சுது! சூடெல்லாம் போகுது!"

"இன்னும் கொஞ்சம் விடு, பிள்ளை."

"ஏலாது. தம்பிக்குக் குளிருது."

சுவிட்சை அடித்தேன். ஃபான் நின்றது. உள்ளே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. வாயைப் பொத்தியதுபோல உடனே அதுவும் நின்றது. குளிரில் தும்முகிறார் என்று நினைத்தேன்.

அம்மா வெளியே வந்தார். தலை நனையவில்லை. உடுப்பும் மாற்றவில்லை. குளிக்காமலே ஃபானை ஓடவிட்டிருக்கிறார்!

அப்பா வேலையால் வந்த கையோடு சொல்லிக்கொடுத்தேன். சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டார். அம்மாவை ஏசுவார் என்று காத்திருந்தேன். "அந்தச் சுவிட்சில இனிக் கை வைக்காதை" என்று எனக்குத்தான் விழுந்தது.

பிறகு தானே போய் ஃபானைப் போட்டார். குசினி வாசலில் நின்று அம்மாவிடம், "போய்க் குளிச்சிட்டு வாருமப்பா" என்றார். குரல் அவருடையதுபோல இல்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வெறும் அறையில் ஃபான் ஓடியது. சட்டம் போட்டவரே இப்படிச் சூட்டை வீணாக்குகிறாரே என்று நான் அப்பாமீது கொதித்துக்கொண்டிருந்தேன்.