கரி வண்டியும் ஓமக் கஷாயமும்

எங்கள் நைனா ஓட்டிய லாரி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்று நான் ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அது முழு உண்மையல்ல. தடாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை அடுப்பு அணைந்து நின்றிருக்கிறது. அதை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

லாரிக்கு ஏது அடுப்பு என்று கேட்பீர்கள். அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பனில் கிடைப்பது வண்டியைக் கிளப்பத்தான் காணும். அதனால் முதலாளி லாரியில் ஆளுயர இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்தால் வருகிற வாயுவில் இன்ஜின் ஓடும். துறைமுகத்துச் சரக்கோடு நெல்லூர் போய்ச் சேர ஆறு மூட்டை கரி வேண்டும். அந்த ஆறே கிடைப்பது பெரும்பாடு. ஏழாவதுக்குப் பேச்சே இல்லை. எந்த மேட்டுக்கு முன்னால் அடுப்பை நிரப்புவது, எந்த இறக்கத்தில் வண்டியைச் சும்மா உருளவிடுவது என்பதெல்லாம் நைனாவுக்கு மனப்பாடம். ஆறு மூட்டையில் அரை மூட்டையை மிச்சம் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவார். அந்த அரை மூட்டைதான் அவருடைய கௌரவம்.

அந்தக் கரியைத் தயார் செய்வது அம்மா. எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்து, தூள் போகச் சலித்து, சந்தில் சாக்கு விரித்துக் காயவைத்து, மூட்டையாக்கி வாயைத் தைத்துக் கொடுப்பாள். ஈரக் கரி போட்டால் வண்டி மேடு ஏறாது, அடுப்பும் அணைந்துவிடும். அம்மாவின் கரி படிந்த கைகளைப் பார்த்துச் சந்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

“சிரிங்கடி. நெல்லூரு வரிக்கும் இந்தக் கைதான் வண்டிய இஸ்துகினு போவுது” என்பாள் அம்மா.

தடாவில் நின்றதற்குக் காரணம் கடைக்காரன் தலையில் கட்டிய மட்டக் கரி. ஆனால் முதலாளி அதையெல்லாம் கேட்கவில்லை. இன்னொரு தடவை வண்டி வழியில் நின்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அம்மா ஒவ்வொரு கரித் துண்டையும் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தாள்.

அடுத்த பயணத்துக்கு ஐந்து மூட்டை தைத்தாகிவிட்டது. ஆறாவது மூட்டைக்கான கரி சந்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா என்னைக் காவல் வைத்துவிட்டு ரேஷன் அரிசிக்குப் போனாள். எனக்கு ஒன்பது வயது. கரையில் கட்டில் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன் ஏறியிருப்பதாகப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். பார்த்து முடிப்பதற்குள் சடசடவென்று மழை. திரும்பி வந்தபோது கரி நனைந்து மினுமினுத்தது.

அம்மாவின் அடிக்குப் பயந்து செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஈரக் கரியை அப்படியே மூட்டையில் வாரிப் போட்டு, கோணி ஊசியால் நானே வாயைத் தைத்து, மற்ற ஐந்துக்கும் அடியில் தள்ளிவிட்டேன். அம்மா வந்ததும், மழைக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன் என்றேன். என் சமர்த்தை மெச்சி எனக்கு ஒரு பொரி உருண்டை கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலையில் வண்டி போய்விட்டது. சித்தப்பாதான் கிளீனர், மூட்டைகளை அவர்தான் ஏற்றினார். இரண்டாம் நாள் சாயங்காலம் வர வேண்டிய வண்டி வரவில்லை. நான் சாப்பிடவில்லை. வண்டி நின்றிருக்கும், சாவி போயிருக்கும், எல்லாம் ஒரு திருக்கை மீனால் என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் லாரிச் சத்தம் கேட்டதும் தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

முதலாளி கத்திக்கொண்டிருந்தார். சாவி மேசைமேல் இருந்தது.

“அடுப்பு அணைஞ்சுதா இல்லியா? அத்தச் சொல்லு!”

“அணையல மொதலாளி. வண்டி நிக்கல. நாந்தான் நிறுத்துனேன். வயித்து நோவு. நாயுடுபேட்டையாண்ட அரை நாளு படுத்துகினேன்” என்றார் நைனா.

முதலாளி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க” என்றார். முதலாளி சாவியை நைனா பக்கம் நகர்த்தினார்.

எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது! ஈரக் கரியைப் போட்டும் வண்டியை ஓட்டிவிட்டாரே என் நைனா! வழி நெடுக, “எங்க நைனா வண்டி நிக்கவே நிக்கல” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வயிற்று நோவு என்றதும் அம்மா ஓமமும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். மூன்று வேளைக்கு. நைனா ஒவ்வொரு வேளையும் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, என்னையே பார்த்தார். பாவம், காரம் தாங்கவில்லை என்று நினைத்து நான் வெல்லத்துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. “இனிமே கரிய நீதான் பாத்து அனுப்பணும். நீ பாத்து சரின்னா, நான் கண்ண மூடிகினு ஏத்திடுவேன்” என்றார். எனக்குப் பதவி கிடைத்துவிட்டதாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதன்பின் பெட்ரோல் தாராளமாகி அடுப்பைக் கழற்றும்வரை ஒரு மூட்டைகூட ஈரமாகப் போனதில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்த கரியால் என் முகத்தில் எப்போதும் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். அதைக் கழுவ எனக்கு மனசே வராது.

என் கல்யாணத்தன்று பந்தியில்தான் சித்தப்பா வாயைத் திறந்தார். ஏற்றும் அவசரத்தில் கவனிக்கவில்லையாம், நாயுடுபேட்டையில் அந்த மூட்டையைத் தூக்கியபோதுதான் கனம் தெரிந்ததாம். சித்தப்பா அம்மாவைத் திட்ட வாயெடுத்தாராம். நைனா மூட்டையின் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது அவ தையல் இல்லடா. கோணலா கீது பாரு, நம்ம பொண்ணு தையல்” என்றாராம். அடுப்பு அணைவதற்கு முன்னால் தானே வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாயை விரித்து, அரை நாள் வெயிலில் குந்தி ஒவ்வொரு துண்டாகப் புரட்டிக் காயவைத்தாராம்.

“வூட்ல சொன்னே, தொலைச்சிடுவேன்” என்று சித்தப்பாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாராம்.

ஒன்பது வயதில், நைனா ஈரக் கரியிலும் லாரி ஓட்டுவார் என்று நம்ப எனக்குச் சிரமமே இருக்கவில்லை. நோகாத வயிற்றுக்கு ஒருவர் மூன்று வேளை ஓமக் கஷாயம் குடிப்பார் என்பதுதான் தோன்றவே இல்லை.