முந்தி ஊதிய விசில்

ஜவுபர் கல்முனைக்குடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். விடுமுறைப் பின்னேரங்களில் கறுப்புச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு மத்தியஸ்தராகப் போவார். சம்பளம் கிடையாது. தோற்ற பக்கத்து ஏச்சு நிச்சயம் கிடைக்கும். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் மருதமுனைக் கழகமும் நிந்தவூர்க் கழகமும் இறுதிப் போட்டியில் மோதின. நிந்தவூர் ஒரு கோல் முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் மருதமுனைக்குப் பெனல்டி கிடைத்தது. உதைக்க வந்தவன் தங்கத்துரை. கல்முனையில் கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளை. நன்றாக விளையாடுவான் என்பதற்காக மருதமுனைக்காரர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவன்.

பந்து உதைபடும்வரை கீப்பர் கோட்டில் கால் அசைக்காமல் நிற்க வேண்டும். அசைந்தால் மத்தியஸ்தர் உடனே ஊதக்கூடாது, பந்து எங்கே போகிறது என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் கோல். போகாவிட்டால்தான் திரும்ப உதைக்க விட வேண்டும். பிழை செய்தவன் அந்தப் பிழையால் நன்மை அடையக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம் அது. ஜவுபருக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்தும், கீப்பர் முன்னுக்குப் பாய்ந்ததைக் கண்டதும் அவர் ஊதிவிட்டார். விசில் சத்தத்தோடு சத்தமாகப் பந்து வலையில் விழுந்தது. ஊதிய பிறகு அதைக் கோல் என்று சொல்ல வழியில்லை. திரும்ப உதைக்கச் சொன்னார். தங்கத்துரை அவரை ஒருதரம் பார்த்துவிட்டு உதைத்தான். இந்த முறை கீப்பர் பிடித்துவிட்டான். நிந்தவூர் வென்றது.

அன்றைக்கே நிந்தவூர்க் கழகத்தின் புரவலர் அப்துல் கபூர் ஹாஜியார் வீட்டில் சாப்பாடு. வரமாட்டேன் என்ற ஜவுபரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்து இறைச்சியைப் பிய்க்கும்போது நிந்தவூர்க் கீப்பர் அவர் பக்கம் சாய்ந்து, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தான்.

"வேணுமெண்டுதான் பாய்ஞ்ச நான், காக்கா. நீங்க அவசரக்காரன், ஊதிருவீங்க எண்டு எனக்குத் தெரியும்."

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜவுபர் ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

"ஹாஜியார், அது கோல். என்ட பிழை" என்றார்.

"நடந்தது நடந்திட்டு. இனி வாயப் பொத்திட்டுத் தின்னுங்க" என்று ஹாஜியார் இன்னொரு துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஜவுபர் எழும்பிக் கை கழுவினார். நெய்யும் மசாலாவும் விரல்களை விட்டுப் போகவே இல்லை. தன் கையே தனக்கு நாறுவது போல இருந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வாந்தி எடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்த ஒருவன் ஒரு கதை சொன்னான். தங்கத்துரை நிந்தவூர்க்காரரிடம் காசு வாங்கிக்கொண்டுதான் இரண்டாவது உதையை விட்டுக்கொடுத்தானாம். மருதமுனைக் கழகம் அவனைத் துரத்திவிட்டதாம். ஜவுபர் கடையைப் பூட்டிவிட்டு மருதமுனைக்குச் சைக்கிளை மிதித்தார். கழகத்தில் பத்திருபது பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, முதல் உதையே கோல், முந்தி ஊதியது தன் பிழை, தங்கத்துரையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார். சிலர் ஏசினார்கள். செயலாளர் ஆதம்பாவா மட்டும் சிரித்த முகத்தோடு அவரைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"அது எங்களுக்கும் தெரியும்தானே."

"தெரிஞ்சா அந்தப் பொடியன ஏன் கள்ளனாக்கின நீங்க?"

"சனம் ஏசுறத்துக்கு ஒரு ஆள் வேணும். அவன் நம்மட ஊரானும் இல்ல. அத விடுங்க. அடுத்த மாசம் நிந்தவூராரோட இன்னொரு ஆட்டம் இரிக்கி, நீங்கதான் விசில். எங்களுக்கு ஒரு பெனல்டி தாங்க. கணக்குச் சரி."

"சீ! ஒரு பீய மூட இன்னொரு பீயா?"

"ஏன் இப்பிடிப் பேசுறீங்க? நாயம்தானே கேட்ட நான்."

அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் ஜவுபர் சைக்கிளை எடுத்தார்.

தங்கத்துரை கல்முனைக் கரையில் வலையிலிருந்து நெத்தலி பிரித்துக்கொண்டிருந்தான். ஜவுபர் கழகத்தில் சொன்னதை அவனிடமும் சொன்னார்.

"இப்ப சொல்லி என்ன செய்ய, காக்கா? என்ட அம்மா கடைக்குப் போகேலாமக் கிடக்கா. மகன் வாங்கின காசு எங்க எண்டு கேக்கிறானுகள்." அவன் மணலில் துப்பினான். "உங்களில கோவமில்ல எண்டு சொல்லமாட்டன். இரிக்கி. ஆனா நீங்களாவது வந்தீங்க."

ஜவுபர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்த மாத ஆட்டத்தில் மருதமுனைக்காரன் ஒருவன் கோலுக்குக் கிட்ட யாரும் தொடாமலே விழுந்தான். விழுந்தவன் வலியில் முனகாமல் ஜவுபரின் முகத்தைத்தான் பார்த்தான். கோட்டுக்கு வெளியே ஆதம்பாவா ஊதச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஜவுபர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கை காட்டினார். ஒரு செருப்பு பறந்து வந்து கழுத்தில் பட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டு பக்கமும் ஏசியது. அதோடு போட்டிகளை நடத்தும் லீக்காரர் அவரை ஒரு வருடம் கூப்பிடவில்லை.

"நல்லதாப் போச்சு. அந்த நாறல் வேல இனி வேணாம்" என்றாள் மனைவி சுபைறா.

ஓம் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் வேறு ஆள் கிடைக்காமல் லீக்காரர் திரும்ப வந்து கேட்டபோது போனார். ஆட்டம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதைச் சுற்றி நின்ற ஆட்களைத்தான் பிடிக்கவில்லை. எண்பத்துநாலு வரைக்கும் ஊதினார். பிறகும் பிழைகள் விட்டார். விட்டது தெரிந்தால் இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, இது என் பிழை, இதற்கு ஈடாக எதுவும் தரமாட்டேன் என்று சொல்லிவிடுவார். மத்தியஸ்தருக்கு அது மரியாதை இல்லை என்று லீக்கில் முணுமுணுத்தார்கள்.

ஆதம்பாவா கல்முனைச் சந்தியில் கண்டால் அதே சிரிப்போடு ஸலாம் சொல்வார். ஜவுபர் பதில் ஸலாம் சொல்வார், முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டே.