என் நடையில் வேறொருத்தி

நகரியில் தறி வேலை குறைந்தபின் திருப்பதிக்கு வந்து ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். கடையின் விளம்பர வீடியோக்களில் புடவை கட்டி நடப்பதும் நான்தான். மகளுக்கு உடம்பு தேறியதும், வேண்டிக்கொண்டபடி திருமலையில் முடி கொடுத்தேன். அடுத்த வாரமே புது வீடியோ எடுத்தார்கள்.

“பரவால்லம்மா, நடந்து மட்டும் காட்டு. மிச்சத்த கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்” என்றார் முதலாளி. முடியைத்தான் வைப்பார்கள் என்று நினைத்து நடந்தேன்.

கடைத் திரையில் அது ஓடியபோது நடை என்னுடையதாக இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகும் விதமும் என்னுடையது. நடந்தவள்தான் நான் இல்லை. உலகத்திலேயே இல்லாத ஒருத்தி, நீளச் சடையோடு, உயிருள்ளவள் போலச் சிரித்தாள்.

“மொட்டையக் காட்டினா யாரும்மா புடவை வாங்குவாங்க?” என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள், மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயாமல்.

“அண்ணா, அங்க பாருங்க. புடவை பாத்துக்கினு இருக்காங்களே, அவங்க தலையில சடையா கீது? அவங்களையும் கம்ப்யூட்டர்ல மாத்திடுவீங்களா?”

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் இன்னும் அவள்தான் நடக்கிறாள்.

இதற்குள் எனக்கு முடி வளர்ந்திருந்தது. போன வாரம் மறுபடி மழித்துக்கொண்டு வந்து, அந்தத் திரைக்குக் கீழேயே நின்று புடவை விற்கிறேன். இந்த மொட்டை சாமிக்காக இல்லை.