ஊமத்தையைத் தேடி வந்தவர்கள்

இன்று காலை எங்கள் கணபதி ஏரியாவில், எனக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுக்கும் அக்காவின் கடையில் ரவிக்கை வாங்க நின்றிருந்தேன். போனை நீட்டிப் பிடித்தபடி இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"ஏனுங்கக்கா, ஊமத்தைங்கிற பேர்ல நாவல் எழுதறது நீங்கதானுங்களே?"

முகம் காட்டாமல், பேட்டி கொடுக்காமல் எழுதும் ஊமத்தை யார் என்று நம் வாசகர் குழுவில் ஒரு மாதமாக நடக்கும் ஆராய்ச்சி உங்களுக்கே தெரியும். புது நாவலில் கணபதி வருகிறது, தையல் கடை வருகிறது. அதனால் இவர்தானாம்.

அக்கா சிரித்துவிட்டார். "அளவு நோட்டைத் தவிர நான் ஒண்ணும் எழுதறதில்லீங்க."

அவர்கள் விடவில்லை. "கதையில புருசன் போட்டு அடிப்பானுங்களே, அது உங்க ஊட்டுக்காரருங்களா? கூச்சப்படாம சொல்லுங்கக்கா."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, கேள்விதான் இப்படி.

ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

"எடுத்ததை அழிங்க" என்று கத்தினேன்.

"லைவுங்க, அப்பவே போயிருச்சுங்க."

அவர்கள் போனதும் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார். "எழுதற அந்தம்மா யாரா இருந்தாலும் நல்லா ஒளிஞ்சுக்கட்டும் கண்ணு" என்றார்.

பத்தே நிமிடத்தில் வீடியோ நம் குழுவுக்கு வந்துவிட்டது. முதல் கமென்ட்: "புருஷன் எந்திரிச்சுப் போறதைப் பாருங்க, இவங்களேதான்!"

ஊமத்தைக்குக் கணபதிதான் ஊர் என்று முதலில் ஊகித்த பதிவுக்கு ஹார்ட் போட்டவர்களில் நானும் ஒருத்தி. என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மற்றவர்கள் சொல்லுங்கள், அடுத்து யார் வீட்டுக்குள் நுழைவதாக உத்தேசம்?