குழந்தைவேலு காணாத மஞ்சள்

திங்கட்கிழமை முதல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஆய்வகப் பணியாளர் வாசலில் வந்து நின்றார். "குழந்தைவேலு சார் போயிட்டாருங்க" என்றார். இயற்பியல் துறையில் எனக்கு அடுத்த மேசைக்காரர். வெள்ளகோவிலில் தமக்கை வீட்டில் மாரடைப்பு. பலகையில் பாதியில் நின்ற சமன்பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில், முயற்சிதான் பெரிது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கேட்டது ஒரு மஞ்சள் வெளிச்சம். அது கிடைக்காமலேயே போய்விட்டார்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும்: சாயப்பட்டறையிலிருந்து ரோடமின் சாயம் வாங்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, ஆய்வகத்துப் பின்னறையில் லேசர் செய்தார். முதன்முதலாகக் கதிர் வந்தபோது நாங்கள் குதித்தோம், அவர் குதிக்கவில்லை. மஞ்சளிலிருந்து சிவப்பு வரை எல்லாம் அதில் கலந்திருந்தது. "இது சந்தைக் கூட்டமுங்க. எனக்கு இதுல ஒரே ஆளு வேணும்" என்றார். சோடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குமிழ் ஒன்று வைத்திருந்தார். சோடியத்துக்கே உரிய மஞ்சளை மட்டும் பிரித்து அதற்குள் விட்டால் குமிழ் தானே ஒளிரும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அதற்குக் கீற்றணி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கோடுகள் கீறிய உலோகத் தகடு அது. சாய்த்தால் வானவில் ஓடும். லேசரின் ஒரு முனையில் வைத்துச் சற்றே திருப்பினால், ஒரு நிறம் மட்டும் சாயத்துக்குள் திரும்பிப் போய் வலுக்கும். கல்லூரி வாங்கித் தரவில்லை. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் ஒருவர், தன் ஆய்வகத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி அனுப்பினார். அதை இம்மி இம்மியாகத் திருப்பப் பித்தளைத் தாங்கி செய்யவேண்டியிருந்தது. அளவு பிசகக் கூடாதென்று, அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் செய்யும் மாரப்பனிடம் தகட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். தாங்கி அவ்வளவு நேர்த்தி. மாரப்பன் துணியை விலக்கிப் பெருமையாகச் சிரித்தார். "தகடு பூரா நெறம் நெறமாக் கறை ஏறிக் கெடந்துதுங்க சார். உங்களுக்குன்னு நானே உக்காந்து மெருகு போட்டுட்டனுங்க."

கீறிய கோடுகள் எல்லாம் தேய்ந்து, தகட்டில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். குழந்தைவேலு சார் அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாயிருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் தகட்டைத் திரும்பத் துணியில் சுற்றினார். இறங்கும்போது, "பாத்திரத்துல நெறம் ஓடுனா கறைதானுங்க. அவரு மேல என்ன தப்பு?" என்றார். அந்தப் பழைய மாணவருக்கே எழுதி இன்னொன்று கேட்கச் சொன்னேன். அந்தப் பையனிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது என்றார். பின்னறையை அதன்பின் அவர் திறக்கவில்லை.

காரியம் முடிந்தபின் அவர் மனைவி தகட்டையும் தாங்கியையும் குமிழையும் என்னிடம் கொடுத்தார். "டெய்லி தொடச்சு வெப்பாருங்க. எதுக்குன்னு சொன்னதில்லீங்க" என்றார். இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. எந்த வெளிச்சத்தைக் காட்டினாலும் தகடு எல்லா நிறத்தையும் அப்படியே திருப்பித் தருகிறது. தாங்கியில் மாரப்பன் வைத்த திருகு மட்டும் இன்னமும் இம்மி பிசகாமல் சுழல்கிறது. அதைத் திருப்பிப் பார்க்கிறேன். குமிழ் இருட்டாகவே இருக்கிறது.