மைமூனா கிள்ளி எறிந்த தலைகள்

மைமூனாவின் வலது கட்டைவிரல் நகம் அவரைக் கேட்டு வேலை செய்வதில்லை. கற்பிட்டிக் கடற்கரையில் பிறந்தவர். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வந்த நெத்தலியெல்லாம் அவர் பொறுப்பு. தலையைக் கிள்ளாமல் ஒரு நெத்தலியையும் சட்டிக்குள் விட்டதில்லை. கல்யாணம் முடித்துத் தில்லையடிக்கு வந்த பிறகும் தலைகள் விழுந்துகொண்டே இருந்தன. பயற்றங்காயோ வெண்டிக்காயோ, எதுவானாலும் முதலில் நுனி போகும். யோசனை பிறகுதான் வரும்.

ஆறு வருடங்களுக்கு முன் பக்கத்துப் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. சோதனைக் குழாய்களைக் கழுவுவார், தவளைப் போத்தல்களைத் தூசு தட்டுவார். அவருக்குப் பிடித்த வேலை வேறு: வெங்காய வேரில் இழையுருப்பிரிவைக் காட்டுவது. வெங்காயத்தைத் தண்ணீர்ப் போத்தலின் வாயில் உட்கார வைத்தால் மூன்று நான்கு நாளில் தாடி போல வேர் இறங்கும். அதை வெட்டி, அமிலத்தில் சூடாக்கி, சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கினால், ஓர் உயிர்க்கலம் இரண்டாகும் கோலத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம் என்கிறது புத்தகம்.

புத்தகம் சொன்னதோடு சரி. ஆறு வருடத்தில் ஒரு கலம்கூடப் பிரியவில்லை. ரயில் பெட்டிகள் மாதிரி நீட்டு நீட்டாகப் படுத்துக் கிடந்தன. மாணவர்கள் புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து புள்ளி வாங்கினார்கள். நுணுக்குக்காட்டி பழசு என்றார்கள், சாயம் பழசு என்றார்கள், கடைசியில் வெங்காயத்தையே திட்டினார்கள்.

இந்த வருடம் பாடசாலை அதிபர் பதுர்தீன் பொறுமை இழந்தார். சனிக்கிழமை விஞ்ஞானக் கண்காட்சி. இந்த முறையும் ரயில் பெட்டிதான் என்றால் வெங்காய மேசை இல்லை, மைமூனா வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றும் பிளேன்ரி மேசைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

மைமூனாவுக்கு அது பெரிய அடி. பிளேன்ரி ஊற்ற வீடே போதும். அதோடு, தான் வெள்ளைக் கோட்டுப் போட்டு உயிர் பெருகும் விதத்தைக் காட்டுகிறவள் என்று சித்தி லெய்லா என்று பெயர் கொண்ட கணவரின் மூத்த சகோதரியிடம் ஆறு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறார். சித்தி லெய்லாவும் சனிக்கிழமை வருகிறார். தனியாக அல்ல, தெருவையே கூட்டிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. இந்த வருடம்தான் மாற்றலாகி வந்த உயிரியல் ஆசிரியை அஸ்ரியா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். மைமூனா வேர்களை வெட்டி எடுத்தார். நகம் தன் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு வேரின் நுனியும் குப்பைக் கூடைக்குள் போனது.

"ராத்தா, இப்ப என்ன எறிஞ்சீங்க?"

"தலை, டீச்சர்."

"வேருக்கு ஏது தலை?"

"நுனியத்தான் சொல்றன். மஞ்சளா அழுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும். நான் எப்பவும் துப்பரவாத்தான் செய்யிறது."

அஸ்ரியா கூடைக்குள் கைவிட்டு ஒரு நுனியை எடுத்துக் காட்டினார்.

"ராத்தா, வேர் வளர்றதே அந்த நுனியாலதான். கலம் பிரியிறதும் அங்கதான். நீங்க நசுக்கினதெல்லாம் பிரிஞ்சு முடிச்சிட்டுச் சும்மா நீளுற ஆக்கள்."

ஆறு வருடத்து இழையுருப்பிரிவு முழுவதும் குப்பை வண்டியில் போயிருந்தது.

புது வெங்காயங்கள் அன்றே போத்தலில் ஏறின. சனிக்கிழமை காலை, நகத்தை நம்ப முடியாது என்று மைமூனா கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். நுனியில் இரண்டு மில்லிமீற்றர் மட்டும் வெட்டி, சூடாக்கி, சாயமேற்றி, பிளாஸ்டர் விரலாலேயே நசுக்கிக் கண்ணை வைத்தார். ரயில் பெட்டிகளைக் காணவில்லை. சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றின் நடுவே சிவப்பு நூல்கள் வரிசை கட்டி நின்றன. அடுத்ததில் அதே நூல்கள் இரண்டு கூட்டமாகி எதிரெதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மைமூனா மெதுவாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

பத்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டியது. முதல் ஆள் சித்தி லெய்லா. ஒரு கண்ணை மட்டும் மூட வராததால் அதைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். மைமூனா விளக்கினார். கலம் இருப்பதைப் பங்கு போடாது. முதலில் பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் எல்லா நூலையும் அச்சொட்டாக இன்னொன்று செய்துகொள்ளும். பிறகு அவற்றை நடுவில் நிறுத்தி, சோடியில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கும். கடைசியில் நடுவே சுவர் எழும்பும். இரண்டு பேருக்கும் முழுச் சொத்து.

"அப்ப எங்கட வாப்பா வளவு பிரிச்ச மாதிரி இல்ல" என்றார் சித்தி லெய்லா, கண்ணை எடுக்காமல்.

அதன் பிறகும் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. மைமூனா தோளைத் தொட்டார்.

"மதினி, எழும்புங்க. ஆக்கள் நிக்கிறாங்க."

"பொறு புள்ள, இழுத்துக்கிட்டிருக்கு. முழுசாப் பிரியட்டும், பாத்திட்டு எழும்புறன்."

வரிசைக்கும் அது நியாயமாகப் பட்டது. பாதியில் எழும்புவதற்கா வந்தோம் என்றார் ஒருவர். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இன்னொருவர் கேட்க, மணிக்கணக்காகும் என்று ஒரு மாணவி உண்மையைச் சொல்லி நிலைமையைக் கெடுத்தாள். சிலர் கதிரை தேடப் போனார்கள். ஒருவர் சாப்பிடுவதற்குப் பாண் பையைப் பிரித்தார்.

மைமூனாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"மதினி, அது இனிப் பிரியாது. அமிலத்தில போட்டதுமே மௌத்தாகிட்டு. இழுத்தபடியே நிக்குது."

சித்தி லெய்லாவின் வாயிலிருந்து, மரணச் செய்தி கேட்டால் ஓதும் பழக்கத்தில், "இன்னா லில்லாஹி" வந்தது. மௌத்தானது யாரென்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வாசல்வரை ஒவ்வொருவராக ஓதினார்கள். முற்றத்தில் நின்றவர் ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

அதிபர் ஓடி வந்தார். யார், யார் என்று கேட்டார். எல்லோரும் நுணுக்குக்காட்டியைக் கைகாட்டினார்கள். மைமூனா தகட்டைச் சற்றே நகர்த்தி, நடுச்சுவர் எழும்பி வேலை முடித்த ஒரு கலத்தைப் பிடித்துக் கொடுத்தார். அதிபர் குனிந்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் பாதியில் நின்றதைக் கண்டுபிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸேர், அது மௌத்தான சாமான். காத்திருந்து வேலையில்ல" என்றார் சித்தி லெய்லா. "எழும்புங்க, ஆக்கள் நிக்கிறாங்க."

அதிபர் நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அங்கே பிளேன்ரி மேசையில் ஒருவரும் இல்லையே என்று மைமூனாவைப் பார்த்து இழுத்தார்.

"ஓம் ஸேர். எனக்கு இங்க இன்னும் நாலு நுனி கிடக்கு" என்றார் மைமூனா.

அதிபர் தேநீர்க் கேத்தலைத் தேடிப் போனார்.